பழைய துப்பாக்கிக்கு விலை பேசுவது எப்படி: அமெரிக்கக் கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் புதுச் சரக்கு ஒரு பக்கம் இருக்கும், பழையது ஒரு பக்கம் இருக்கும். புதிதில் பேரம் பேசிப் பெரிய பயனில்லை. பல தயாரிப்பாளர்கள் விளம்பர விலைக்குக் கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள், கடைக்காரருக்கு அதில் நிற்கும் லாபமும் மெலிது. அதோடு வரிச் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 11 சதவீதம் கூட்டாட்சித் தீர்வை தயாரிப்பாளர் மட்டத்திலேயே விலையில் ஏறிவிடுகிறது. பழைய சரக்கு அப்படியில்லை. அதில் தொங்கும் விலைச் சீட்டில், அதாவது டேக்கில், உள்ள எண்ணை எழுதியவர் கவுன்ட்டருக்குப் பின்னால்தான் நிற்கிறார். எழுதியவரே அதை அடித்துவிட்டுக் குறைத்து எழுதவும் முடியும்.

ஆனால் ரங்கநாதன் தெரு நடைபாதைக் கடையில் கேட்பதுபோல் சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பித்தால் இங்கே எடுபடாது. கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கடை இதை என்ன விலைக்கு எடுத்திருக்கும், எவ்வளவு காலமாக இது சுவரில் தொங்குகிறது, இந்த இரண்டையும் ஓரளவு சரியாகக் கணித்துவிட்டுப் பேசுபவருக்குத்தான் விலை இறங்கும். மற்றதெல்லாம் மேல்பூச்சு. நான் இருப்பது டெக்சஸ் மாநிலம் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். ஆனால் கணக்கு எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

1. முதலில், நீங்கள் வாங்கலாமா?

நன்றாகப் பேரம் பேசி முடித்துவிட்டு, படிவம் நிரப்பும்போது மாட்டிக்கொள்வது நம்மவர்களுக்கு எளிதில் நடக்கக்கூடியது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் வாங்கலாம். இலினாய்ஸ் என்றால் முதலில் எஃப்.ஓ.ஐ.டி. என்ற மாநிலத் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், 2024 ஜூலை முதல் துப்பாக்கி, தோட்டா சில்லறை விற்பனைக்கு 11 சதவீத மாநிலத் தீர்வையும் உண்டு. கைத்துப்பாக்கியை உங்கள் சொந்த மாநிலத்துக் கடையில்தான் வாங்கிக் கையோடு கொண்டுவர முடியும். ரைஃபிளும் ஷாட்கன்னும் அப்படியல்ல, இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் உடன்பட்டால் பக்கத்து மாநிலத்திலும் வாங்கலாம். பேரம் பேசுபவருக்கு இது பயன்படும் தகவல்: தேடும் வட்டம் பெரிதாகிறது.

அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியும் ஓட்டுநர் உரிமத்தை மாற்றாதவர்கள் இங்கேதான் நிற்பார்கள். வாகனப் பதிவுச் சான்று போன்ற வேறு அரசு ஆவணத்தில் புது முகவரி இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டலாம். பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு தனிச் சிக்கல். 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தில் முழுப்பெயர் கேட்பார்கள். நடுப்பெயர் இல்லையென்றால் என்.எம்.என். என்றும், பெயரின் ஒரு பகுதி வெறும் எழுத்துதான் என்றால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஐ.ஓ. என்றும் எழுத வேண்டும். ஒற்றை இனிஷியலோடு காலம் தள்ளும் ஆட்களுக்காகவே போட்ட விதிபோல இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நீ நல்லா பேரம் பேசுவியே, எனக்கும் ஒண்ணு உன் பேர்ல வாங்கிக் குடு" என்று நண்பர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இன்னொருவர் பணத்தில், இன்னொருவருக்காக, உங்கள் பெயரில் படிவம் நிரப்புவது கூட்டாட்சிக் குற்றம். அந்த இன்னொருவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே வாங்கினால் 2022-இல் வந்த சட்டத்தின்கீழ் 15 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். நண்பர் தானே வாங்கத் தகுதியுள்ளவர் என்றாலும் தப்பில்லை என்று ஆகிவிடாது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்ராம்ஸ்கி வழக்கு இதைப் பற்றியதுதான். அப்ராம்ஸ்கி முன்னாள் போலீஸ்காரர். போலீஸ் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் என்று தன் மாமாவுக்காக ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கினார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளக்கூடியவர்தான். ஆனால் படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியது பொய் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. சில டாலர் தள்ளுபடிக்காக வந்த வினை. உண்மையான அன்பளிப்பு என்றால் விதி வேறு. அடுத்தவர் காசு கைமாறினால் அது அன்பளிப்பு இல்லை.

2. கடைக்காரரின் கணக்கு

பழைய துப்பாக்கி கடைக்கு வரும் வழிகள் நான்கைந்து. எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தே விலை எவ்வளவு இறங்கும் என்பது இருக்கிறது. அதனால் துப்பாக்கியைக் கையில் வாங்கியவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இது உங்கள் சரக்கா, கன்சைன்மென்ட்டா?"

கன்சைன்மென்ட் என்றால் சொந்தக்காரர் வேறு ஒருவர். கடை வெறுமனே விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. விலையை வைத்தவர் அந்தச் சொந்தக்காரர், அவருக்கோ அது அப்பாவின் துப்பாக்கியாக இருக்கும், பாசமும் விலையில் சேர்ந்திருக்கும். கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை. உங்கள் விலையைத் தெளிவாகச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஒத்துக்கொண்டால் இன்றே பணம்" என்று விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மாதமாக விற்காத பொருள் என்றால் அந்த அழைப்பு வரும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

கடையின் சொந்தச் சரக்கு என்றால்தான் பேரத்துக்கு உண்மையான இடம். யாராவது பணத்துக்கு விற்றிருப்பார் அல்லது புதிது வாங்கும்போது மாற்றாகக் கொடுத்திருப்பார். விற்கும் விலையில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் எங்கோ கடை எடுத்திருக்கும் என்பது என் பொதுவான கணிப்பு. 600 டாலர் டேக் என்றால் 300 முதல் 400 வரை முதல் போட்டிருப்பார். மாற்றாக எடுத்த சரக்கில் இன்னொரு நெளிவும் உண்டு. புதுத் துப்பாக்கி விற்ற லாபம் ஏற்கெனவே கல்லாவுக்குள் போய்விட்டதால், பழையதை வேகமாகத் தள்ளிவிட அவர் தயங்கமாட்டார்.

அடகுக் கடைக்கும் இந்தப் பொருளுக்கும் பெரிய உறவு இருக்காது. மீட்கப்படாத அடகுப் பொருள், அவ்வளவுதான். அங்கே கடை போட்ட முதல் மிகக் குறைவு, டேக் விலை மிக அதிகம், இடைவெளி பெரிது. நான் பார்த்தவரை நல்ல இறக்கம் கிடைப்பதும் அங்கேதான், மோசமான துப்பாக்கி தலையில் கட்டப்படுவதும் அங்கேதான்.

காவல் துறை கழித்துவிட்ட துப்பாக்கிகள் தனி வகை. மொத்தமாக விநியோகஸ்தர் வழியாக வரும், கடை ஒரே விலையை வரிசையாக ஒட்டியிருக்கும். இவற்றின் வெளிப்புறம் உறையில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். ஆனால் பல காவலர்கள் வருடத்துக்குச் சில தடவைதான் சுடுகிறார்கள் என்பதால் உள்ளே பெரும்பாலும் நன்றாக இருக்கும். விலை பெரிதாக இறங்காது. பத்துத் துப்பாக்கி ஒரே விலையில் கிடந்தால் அதிலே சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் பேரம். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பாஸ் புரோ, கபேலாஸ் மாதிரிச் சங்கிலிக் கடைகளிலும் பழைய சரக்குப் பகுதி உண்டு. கவுன்ட்டரில் நிற்பவருக்கு விலை குறைக்க அதிகாரம் இருக்காமல் போகலாம், மேலாளருக்கு இருக்கலாம். மரியாதையாக அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

3. நியாய விலையை வீட்டிலேயே கணக்கிடுங்கள்

கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் எல்லாரும் செய்யும் தப்பு, கேட்கும் விலையைப் பார்ப்பது. யாரும் எதையும் கேட்கலாம். பார்க்க வேண்டியது முடிந்த ஏலங்கள், அதிலும் உண்மையில் விற்றவை. அதே மாடல், அதே காலிபர் (குழலின் உள்விட்ட அளவு), ஏறக்குறைய அதே நிலையில் இருப்பது நான்கைந்து கிடைத்தால் போதும். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கூட்டல் இருக்கிறது. இணையத்தில் வாங்கினாலும், வேறு மாநிலத்திலிருந்து வரும் துப்பாக்கி உங்கள் ஊர் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வரும். அனுப்பும் செலவு, அந்தக் கடை வாங்கும் கைமாற்றுக் கட்டணம் இரண்டும் சேரும். ஒரு கணக்குப் போடுவோம். தொலைநோக்கியோடு கூடிய, ஒவ்வொரு தடவையும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், டேக் 600 டாலர். இணையத்தில் விற்றவை 480 முதல் 520 வரை. அனுப்புவதற்கு 40, கைமாற்றுக்கு 30 என்று வைத்தால் கைக்கு வந்து சேரும்போது 550 முதல் 590. ஆக, வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இந்தக் கடையில் 550-க்குக் கிடைத்தாலே நீங்கள் இணையத்தைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள், காரணம் பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறீர்கள். இணையத்தில் 480-க்கு விற்றதே என்று கடையில் சண்டை போடுபவரைக் கடைக்காரர் மதிக்காததற்கு இந்தக் கூட்டல்தான் காரணம். அவருக்கு அது மனப்பாடம்.

புது விலையையும் பார்த்து வையுங்கள். பழைய டேக்குகளில் சில புதிதின் விலைக்கு 40 டாலர் கீழேதான் இருக்கும். அங்கே பேச வேண்டியதே இல்லை. "புதிதே இவ்வளவுதானே" என்ற ஒரு வரி போதும்.

சில பெயர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மார்லின் நிறுவனத்தின் லீவர் ரைஃபிளில் (கைநெம்பை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) குழல் மேல் ஜே.எம். முத்திரை இருந்தால், பெரும்பாலும் ரெமிங்டன் அந்த நிறுவனத்தை வாங்குவதற்கு முன் செய்தது என்று அர்த்தம், அதற்குக் கூடுதல் கிராக்கி. (மார்லின் இப்போது ரூகர் கையில். 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது வாங்கினார்கள்.) முத்திரையைக் கடைக்காரர் கவனிக்காமல் விலை போட்டிருந்தால் பேரம் பேசாதீர்கள். டேக் விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

4. எப்போது போவது

வேட்டைப் பருவம் முடிந்த ஜனவரியில் ரைஃபிள்களும் வாத்துவேட்டை ஷாட்கன்களும் கடைக்குத் திரும்பி வரும், கேட்க ஆள் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் வரித் திருப்பப் பணம் மக்கள் கைக்கு வரும்போது கூட்டம் கூடும். கோடை மந்தம். மான் வேட்டைக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில் ரைஃபிளுக்கு விலை கேட்பது வீண்.

இதைவிடப் பெரிய அலை அரசியல், நாட்டு நிலவரப் பயத்தில் மக்கள் அவசரமாக வாங்குவார்கள். 2020-இல், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. அமைப்பு 3.96 கோடிக்கும் மேலான விசாரணைகளைக் கையாண்டது, அதுவரை இல்லாத உச்சம். அந்த மாதிரிக் காலத்தில் டேக்கைத் தொட்டுப் பேசவே முடியாது. பயம் அடங்கிய பிறகு, அவசரத்தில் வாங்கியவர்கள் விற்க வருவார்கள். வாங்க வேண்டிய நேரம் அதுதான்.

வாரநாள் காலை போங்கள். சனிக்கிழமை பேரம் பேசக் கடைக்காரருக்கு நேரமும் கிடையாது, காரணமும் கிடையாது.

5. கையில் எடுத்துப் பார்ப்பது

இந்தப் பகுதியில்தான் பணம் இருக்கிறது. குறை கண்டுபிடிக்கத் தெரியாதவர் பேரம் பேச முடியாது, கெஞ்சத்தான் முடியும்.

முதலில் ஒழுங்கு. துப்பாக்கியைக் கொடுக்கும்போது கடைக்காரர் திறந்து காலி என்று காட்டுவார். நீங்களும் திறந்து பாருங்கள், அவர் காட்டியிருந்தாலும். முனை எப்போதும் ஆள் இல்லாத பக்கம். வெறுமையாக விசையை இழுத்துப் பார்க்க வேண்டுமானால் கேட்டுவிட்டு இழுங்கள். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்துச் சுடும்) வகைகளில் அப்படி இழுப்பது பலவற்றுக்குக் கெடுதல், பழைய துப்பாக்கிகளில் கடைக்காரருக்கே பிடிக்காது. இந்த ஒழுங்கை வைத்தே உங்களுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவர் முடிவு செய்துவிடுவார். அந்த முடிவுக்குப் பேரத்தில் மதிப்பு உண்டு.

சிறிய டார்ச் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். மணல் தூவியதுபோல் குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் உள்ளே வீங்கியிருக்கலாம். அடைப்போடு யாரோ சுட்டிருக்கிறார்கள். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வெறும் அழுக்கு என்றால் பயமில்லை. "ஒரு துணி விட்டுத் துடைத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்கலாம்.

திருகுகளைப் பாருங்கள். தலைகள் சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. பெயரும் எண்ணும் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், தேய்த்து மெருகேற்றி மறுபடி நீலப்பூச்சு போட்டிருக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், சேகரிப்பவர் பார்வையில் மதிப்பு விழுந்துவிட்டது. புதிதுபோல் இருக்கிறதே என்று கடை விலை ஏற்றியிருந்தால், இதை அமைதியாகச் சொல்ல வேண்டிய இடம். மரக்கட்டையும் உலோகமும் சேரும் கோட்டில் துரு பதுங்கும். கட்டையின் பின்நுனியில் ரப்பர் பட்டை பிற்காலத்தில் ஒட்டியதா, அதற்காகக் கட்டையை வெட்டிக் குட்டையாக்கினார்களா என்றும் பாருங்கள். உங்கள் கைக்கு அந்தக் குட்டைக் கட்டை சரியாக இருக்கலாம், நம்மில் பலருக்கு இருக்கும். விலைக்கு அது குறைதான். உங்களுக்குக் குறையில்லாத குறை கிடைப்பது அதிர்ஷ்டம்.

ரிவால்வர் என்றால் கொஞ்சம் அதிக நேரம் எடுங்கள். சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உருளை ஒவ்வொரு அறையிலும் முழுதாக வந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். உருளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் நன்றாக ஆடக் கூடாது. ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19 போன்ற கே-ஃபிரேம் (நடுத்தர அளவு உடல்) .357 மேக்னம்களில் குழலின் பின்வாயில், கீழ்ப்பக்கம் கீறல் விழுவது பலரும் அறிந்த நோய், எடை குறைந்த வேகத் தோட்டாக்களை அதிகம் சுட்டால் வரும். டார்ச்சை அங்கே ஒரு நிமிடம் பிடியுங்கள்.

கழித்த போலீஸ் பிஸ்டலில் இருட்டில் ஒளிரும் குறிகாட்டி இருந்தால் உள்ளங்கையைக் குவித்து மூடிப் பாருங்கள். அதிலிருப்பது டிரிட்டியம், அரை ஆயுள் ஏறக்குறைய 12 ஆண்டு. மங்கியிருந்தால் துப்பாக்கியின் வயதும் தெரிந்துவிடும், புதிது மாற்றும் செலவு வருவதும் தெரிந்துவிடும். "இரவுக் குறிகாட்டியுடன்" என்று டேக்கில் எழுதி விலை வைத்திருந்தால் பேச நல்ல பிடி.

திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் கவனியுங்கள். ரெமிங்டன் 700, மாடல் 7 ரைஃபிள்களில் 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ விசைகள் தானாக வெடிக்கும் அபாயம் இருப்பதாகத் திரும்பப் பெறப்பட்டன. சரிசெய்ததா என்று கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் புது விசை அமைப்பின் செலவை முழுதாகக் கழிக்கச் சொல்வது நியாயம். அதைப் போடும்வரை அந்த ரைஃபிளைத் தொடக்கூடாது என்பது தனி.

சீரியல் எண் கீறியோ அழித்தோ இருந்தால் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கே விலைப் பேச்சே கிடையாது.

கடைசியாக, இல்லாதவற்றை எண்ணுங்கள்: அசல் பெட்டி, இரண்டாவது மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு), ஷாட்கன் குழல் முனையில் திருகும் சோக் குழாய்கள், அவற்றைக் கழற்றும் சாவி. ஒவ்வொன்றுக்கும் கடையிலேயே ஒரு விலை தொங்கிக்கொண்டிருக்கும்.

6. பேச்சு

குறைகளை வரிசையாக ஒப்பித்துப் பொருளை மட்டம் தட்டுவது மோசமான வழி. கடைக்காரர் அதை விலை கொடுத்து வாங்கியவர், அவருடைய கண்ணைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். இரண்டு குறை போதும், அதுவும் பணக்கணக்கு உள்ளவை. இல்லாத குறையைச் சொல்லவே கூடாது. சொன்ன மறுநிமிடம் பேச்சு முடிந்தது.

பேச்சு இப்படிப் போகலாம். எங்கும் நடந்தது என்று சொல்லவில்லை, வடிவம் காட்டுகிறேன்:

"நல்லா இருக்கு. இது எவ்வளவு நாளா இங்கே இருக்கு?"

"பருவம் முடிஞ்சதும் வந்தது. மூணு மாசம் இருக்கும்."

"குழல் அருமையா இருக்கு. கட்டையை வெட்டியிருக்காங்க, மேகசின் ஒண்ணுதான் இருக்கு. பணமா கொடுத்தா என்ன விலைக்கு விடுவீங்க?"

"560 போட்டுக்கலாம்."

"வரியோட சேர்த்து 575-க்குன்னா இப்பவே படிவம் நிரப்பறேன்."

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. நல்லதையும் சொல்லியாயிற்று, அதனால் குறை நம்பத்தக்கதாக ஆனது. முதல் எண்ணை அவரே சொன்னார். பதிலுக்கு நீங்கள் சொன்னது வரி சேர்ந்த, கடையை விட்டு வெளியே வரும் மொத்த விலை. டெக்சஸில் பல ஊர்களில் விற்பனை வரி 8.25 சதவீதம். வரி இல்லாமல் 550 என்று கைகுலுக்கினால் கட்டுவது 595.38. அதோடு சரிபார்ப்புக் கட்டணம், கார்டுக்குக் கூடுதல் 3 சதவீதம் என்று சில கடைகள் சேர்க்கும். மொத்த விலையைப் பேசினால் இந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் அடங்கிவிடும். ஒரேகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர்காரர்களுக்கு விற்பனை வரி இல்லை, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம்.

அவர் முதல் எண்ணைச் சொல்ல மறுத்து "நீங்க சொல்லுங்க" என்றால், டேக்கிலிருந்து 15 சதவீதம் கீழே ஆரம்பியுங்கள். 5 முதல் 10 சதவீதத்தில் முடிந்தால் நல்ல வியாபாரம். மூன்று மாதத்துக்கு மேல் தூங்கும் சரக்கு, அடகுக் கடை என்றால் 20 வரை போகலாம். எண்ணைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு மௌனம் சங்கடம், உடனே "இல்லேன்னா ஒரு இருபது கூட்டிக்கலாம்" என்று நாமே நம்மோடு பேரம் பேச ஆரம்பித்துவிடுவோம்.

மறுத்தால் சிரித்து, நன்றி சொல்லி, எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடையை விட்டு வெளியேறுவதை நாடகமாகச் செய்யாதீர்கள், இந்த ஊரில் யாரும் பின்னால் ஓடிவந்து கூப்பிடமாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே முகத்தோடு திரும்பிப் போய் அதே விலையைச் சொன்னால் வேலை செய்கிறது. வார்த்தை மாறாத ஆள் என்று தெரிந்துவிடும்.

7. விலை அசையாதபோது

டேக் அசையவில்லை என்றால் பொருள் கேளுங்கள். கூடுதல் மேகசின், இரண்டு பெட்டித் தோட்டா, துடைக்கும் சாமான், மென்மையான பை, கடையோடு சேர்ந்த சுடுதளம் இருந்தால் சில மணி நேர அனுமதி. கடைக்கு அவற்றின் கொள்முதல் விலை குறைவு, உங்களுக்குச் சில்லறை விலை மிச்சம். 30 டாலர் குறைக்க மறுத்தவர் 45 டாலர் பெறுமானத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் முதலில் கேட்பது பூட்டுப் பெட்டியைத்தான். எப்படியும் வாங்கியாக வேண்டியது அது.

பழைய தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள் என்றால் எதிர்த்திசையிலும் போகலாம்: "தொலைநோக்கி எனக்கு வேண்டாம், கழற்றிவிட்டு விலை சொல்லுங்கள்."

8. உங்கள் பழையதைக் கொடுத்து வாங்கினால்

இரண்டு பேரத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். முதலில் நீங்கள் வாங்கும் பொருளின் விலையை முடியுங்கள். அப்புறம்தான் "மாற்றுக்கு ஒன்று இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். சேர்த்துப் பேசினால் ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மறுபக்கம் எடுத்துவிடுவார், கணக்கே புரியாது. தனியாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் முன்பின் தெரியாத ஆளுக்கு விற்கும் தலைவலியும் உண்டு. பல மாநிலங்களில் மாற்றுப் பொருளின் மதிப்பைக் கழித்த பிறகே விற்பனை வரி போடுவதால் அங்கேயும் கொஞ்சம் மிச்சம்.

கொண்டுபோகும்போது காலிசெய்து, பைக்குள் வைத்து, உள்ளே நுழைந்ததும் கவுன்ட்டரில் சொல்லிவிட்டு, அவர் சொன்ன பிறகு திறவுங்கள்.

9. பணம் கட்டும் முன்னும் பின்னும்

திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கைகுலுக்கும் முன் கேளுங்கள். பல கடைகளில் பழைய துப்பாக்கி விற்றால் விற்றதுதான். சிலர் 30 நாளுக்குள் இயங்கவில்லையென்றால் சரிசெய்து தருவார்கள் அல்லது கடைக்கணக்கில் வரவு வைப்பார்கள். எதுவானாலும் ரசீதில் எழுதி வாங்குங்கள். சரிபார்ப்பில் மறுப்பு வந்தால் பணம் முழுதாகத் திரும்புமா, பிடித்தம் உண்டா என்பதும் இதே நேரத்தில் கேட்க வேண்டியது. தவணையில் எடுத்துவைக்கும் வசதி இருந்தால் அதன் விதிகளையும் கேளுங்கள். சில கடைகள் தவணைக்குத் தள்ளுபடி விலையைக் கொடுக்காது.

படிவம் நிரப்பிய பின் கடை சரிபார்ப்புக்கு அனுப்பும். சரி என்று வந்தால், காத்திருக்கும் விதி இல்லாத மாநிலத்தில் அன்றே கையில். தாமதம் என்று வந்தால் பதறாதீர்கள், பொதுவான பெயர் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். மூன்று வேலைநாள் கழிந்தும் மறுப்பு வரவில்லையென்றால் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மாநில விதியும் கடை வழக்கமும் அதை நீட்டலாம். 21 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 2022 சட்டப்படி 10 வேலைநாள்வரை போகலாம்.

கைக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் அந்த வாரமே சுடுதளத்துக்குக் கொண்டுபோய் ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பாருங்கள், கடை சொன்ன நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், பழைய உரிமையாளர் எப்போது கடைசியாகத் துடைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ரசீதில் மாடலும் சீரியல் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதையும் துப்பாக்கியின் நான்கைந்து படங்களையும் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். திருட்டுப் போனால் போலீசும் வீட்டுக் காப்பீட்டுக்காரரும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.